துண்டுக்கு அடியில் ஒரு கை

பகவதியப்பன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதல் காரியமாகத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இரண்டு உதறு உதறுவார். மூன்றாவது உதறலில் அது அவருடைய வலக்கையின்மேல் விழுந்து விரல் நுனிவரை மூடிக்கொள்ளும். பிறகு அந்த வீட்டுக் கிழவி எந்த மூலையில் இருக்கிறாளோ அங்கே போய்க் குந்தி உட்கார்ந்து, "கையக் கொண்டாங்கக்கா" என்பார். மகன் கதவில் சாய்ந்து நிற்பான். மருமகள் மோர் ஆற்றுகிற சாக்கில் அடுக்களை வாசலுக்கு வந்திருப்பாள். கிழவியின் கை துண்டுக்கு அடியில் போகும்.

"மவன் நல்லா பாக்கானா?"

"அவனுக்கு என்ன கொறச்ச! கண்ணுக்குள்ள வச்சுல்லா பாக்கான்."

துண்டு லேசாக அசையும், உள்ளே ஓர் எலிக்குஞ்சு புரண்டு படுத்தது போல. அவ்வளவுதான். "கொள்ளாம், கொள்ளாம்" என்று எழுந்து, மோரைக் குடித்து, அதன் புளிப்பைப் புகழ்ந்துவிட்டு வெளியே வந்துவிடுவார்.

வாய்க்கு ஒரு கேள்வி, கைக்கு வேறு கேள்வி. கைக்கான கேள்வி எது என்று எங்கள் ஊர்க் கிழடுகள் எல்லாருக்கும் தெரியும்: ஒரு நாளைக்கு எத்தனை நேரம் சாப்பாடு? மூன்று விரலைப் பிடித்தால் மூன்று நேரம். இரண்டு என்றால் இரண்டு. ஒரு விரலின் நடுக்கணுவைத் தொட்டால் அரை. அரை என்றால் சோறு வடித்த தண்ணீர், ஆறிப்போன மரச்சீனிக்கிழங்கு, அந்த வகை.

வித்தையை அவர் மாட்டுச் சந்தையில் கற்றார். நாற்பது வருஷம் தரகு. சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் துண்டைப் பற்றி ஊரில் பல கதைகள் உண்டு. அதைத் துவைத்த தண்ணீரைக் குடித்த பசு இரட்டைக் கன்று ஈன்றது என்பது நானே கிளப்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை குளத்தங்கரையில் சொன்னேன். வெள்ளிக்கிழமை அது என்னிடமே திரும்பி வந்தபோது கன்று மூன்றாகியிருந்தது. மூன்றாவதற்கு நெற்றியில் நாமம் வேறு. பகவதியப்பனிடம் மெல்ல விசாரித்தேன். "நாலாவது கண்ணுக்குட்டி எங்கிட்டதான் நிக்கி, டீச்சரம்மைக்கு வேணுமா?" என்றார்.

ஆள் நெட்டை; வயது அறுபதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று எல்லார் வயதையும் மதிக்கிற அவருக்கே தெரியாது. அய்யா வழிக்காரர். அவர்கள் கும்பிடுகிற பதிக்குள் போகும்போது தலைப்பாகை கட்ட வெள்ளைத் துண்டு ஒன்று பெட்டிக்குள் இருக்கிறது, அது வேறு. தோளில் கிடக்கிற சந்தைத் துண்டின் நிறத்தைக் காவி என்பதா அழுக்கு என்பதா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. தேயிலைத் தண்ணீரைத் தொடமாட்டார், கருப்பட்டிக் காப்பிதான். யாரையும் முன்னால் நின்று பார்ப்பதில்லை. நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். என்னைப் பார்த்த முதல் நாள், "டீச்சரம்மைக்கு இடது பின்னங்... மன்னிக்கணும், இடது காலு கொஞ்சம் தாங்குது" என்றார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வைத்தியரும் அதையேதான் சொன்னார்.

நாங்கள் இருவரும் சேர்ந்து வீடு வீடாகப் போவதற்குக் காரணம் நகரசபை. கொல்லம் 1129 ஆவணியில், அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1953-இல், ஊரில் நாவுள்ளவர்கள் எல்லாரும் திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேருவதைப் பற்றி மேடையேறிப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நகரசபை முதியோர் நலக் குழு என்று ஒன்றை அமைத்தது. மேடை கிடைக்காத ஐந்து பேர் அகப்பட்டோம். சம்பளம் கிடையாது. தலைவர் குமாரதாஸ் வக்கீல். எழுத்து வேலைக்கு, பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற நான். கூட்டத்தில் தேயிலை உண்டு என்பதற்காக மட்டும் வந்த இரண்டு பேர். பிறந்த தேதி எழுதிவைத்த கிழவர் ஊரில் ஒருவரும் இல்லையாதலால் வயது மதிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று வக்கீல் பகவதியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் மாட்டுக்குல்லா பல்லு பாத்தவன் வக்கீலே."

"இவங்களுக்குப் பல்லே கெடையாது வேய். உமக்குச் சோலி எளுப்பம்."

சேர்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் வயதானவர்கள் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும் என்று நான் பதினொரு மனு எழுதினேன். தமிழில் ஆறு, மலையாளத்தில் ஐந்து. பன்னிரண்டாவது மனுவுக்கு மையைத் தொட்டபோது பகவதியப்பன் எழுந்து போய், தன் வீட்டுப் பெஞ்சைத் தலையில் சுமந்துவந்து வராந்தாவில் போட்டார். தெருநாய்கள் முப்பத்திரண்டு பின்னால் வந்தன என்று நான் சொல்வதுண்டு. மூன்று என்று வைத்துக்கொள்ளலாம். பெஞ்சு இன்றைக்கும் அங்கேதான் கிடக்கிறது.

பெரிய வேலை அதற்குப் பிறகு வந்தது. நகரசபைக் கொட்டகையில் முப்பது முதியவர்களுக்கு மத்தியானம் கஞ்சியும் பயறும் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. அந்த முப்பது பேர் யார் என்று குழு சொல்ல வேண்டும். பிள்ளையில்லாதவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். பிள்ளையும் இருந்து, வீடும் இருந்து, வயிறு மட்டும் காலியாகக் கிடக்கிறவர்கள்தாம் கஷ்டம். அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் பிள்ளையின் மானம் போகும். பகவதியப்பன் சந்தைத் துண்டை வீட்டுக்குள் கொண்டுவந்தது இதற்காகத்தான். முதலில் சில வீடுகளில் முகம் சுளித்தார்கள். "எண்பது வயசுக் கையப் புடிச்சு அவன் எந்த ராச்சியத்தப் புடிக்கப்போறான்?" என்று ஒரு கிழவியே கேட்ட பிறகு அது அடங்கியது.

விரல்கள் சொன்னதை எங்களிடமும் சொல்லமாட்டார். கூட்டத்துக்கு வந்து, "இவள எடுக்கலாம்" என்பார், அல்லது "வேண்டாம்" என்பார். அவ்வளவுதான். நான் கருப்பட்டிக் காப்பி கொடுத்துப் பார்த்தேன். புகழ்ந்து பார்த்தேன். எனக்கு முன்பே தெரியும் என்று பொய் சொல்லியும் பார்த்தேன்.

"துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொன்னா, நாளைக்கு எவன் டீச்சரம்மா எங்கிட்ட கை நீட்டுவான்?"

எனக்குத் தெரிந்த ஒரே பேரம் ஜான்ரோஸ் தானாகச் சொன்னது. முட்டத்தில் மீன்பிடித்து, முதுகு ஒடிந்தபின் மகள் வீட்டோடு வந்து இருக்கிற ஆள் அவர். துண்டுக்குள் அரை என்று தொட்டாராம். பகவதியப்பன் அவருடைய தொந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று விரலைப் பிடித்தாராம். இவர் ஒன்று, அவர் மறுபடி மூன்று. கடைசியில் இரண்டுக்கு முடிந்ததாம். "காளையக் கணக்கா என்னைய வித்துப்போட்டான் மக்கா" என்று ஜான்ரோஸ் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். கஞ்சிக் கொட்டகையில் அவருக்கு இடமில்லை. மகள் வீட்டு மீன்குழம்பு வாசனை எனக்கே தெரியும்.

இனி செல்லக்கனியைப் பற்றி எழுத வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றி வந்தது அதைத் தள்ளிப்போடத்தான்.

செல்லக்கனி எழுபதைத் தாண்டியவள். மகன் சுயம்புலிங்கத்துக்குப் பெரிய தெருவில் பலசரக்குக் கடை; அரிசி மூடைகள் உத்தரத்தைத் தொடும். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போனோம். பின்கட்டில், உரலுக்குப் பக்கத்தில், கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். துண்டு விழுந்தது. கை உள்ளே போனது. மற்ற வீடுகளில் துண்டு அசைந்து முடிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் ஆயிற்று. வெளியே வந்த பகவதியப்பன் அன்றைக்கு மோரைப் புகழவில்லை.

"செல்லக்கனியக்கா பேர முதல்ல எழுதுங்க" என்றார் கூட்டத்தில். முதல் பெயராக எழுதினேன்.

பட்டியலை நகரசபைச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்குச் சுயம்புலிங்கம் தாயையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"எங் கடையில ஊரே அரிசி வாங்குது. எங்கம்ம கஞ்சிக்கு வரிச நிக்கணுமா? நான் அவளுக்கு என்ன கொற வச்சேன்? எவன் சொன்னான், ஆளச் சொல்லுங்க."

கத்தவில்லை. அவன் பொய் சொன்னான் என்று இன்றைக்கும் என்னால் எழுத முடியாது. விடியுமுன் கடை திறக்கப் போகிறவன்; சாப்பாடு கடைக்கே வந்துவிடும்; வீடு திரும்பும்போது தாய் சுருண்டு படுத்திருப்பாள். பகலில் மருமகள் கையிலிருந்த அந்த அடுக்களையில் யார் தட்டில் என்ன விழுந்தது என்று அவன் பார்த்ததே இல்லை.

வக்கீல் பகவதியப்பன் பக்கம் திரும்பினார். "எதுக்காவ இந்தப் பேர எழுதச் சொன்னீரு? காரணம் சொல்லும்."

"எடுக்கலாம்ணு தோணிச்சு."

"என்னத்தப் பாத்துத் தோணிச்சு?"

பகவதியப்பன் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் கிழவியிடம் கேட்டார். "உங்களுக்கு வீட்டுல சாப்பாட்டுக்கு ஏதாவது கொற உண்டா?"

மகன் முன்னால் நின்றான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தாள். "எம் மவன் கண்ணுக்குள்ள வச்சுல்லா பாக்கான்" என்றாள். சொல்லிவிட்டுப் பகவதியப்பனை ஒரு தடவை பார்த்தாள்.

அவர் துண்டை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

பெயரை அடித்தது என் பேனா. மூன்று கன்று ஈன்ற பசுவை உண்டாக்கத் தெரிந்த எனக்கு அன்றைக்கு ஒரு சின்னப் பொய் வாயில் வரவில்லை. எழுபது கழிந்தவர்கள் எல்லாருக்கும் இடம் உண்டு, புது உத்தரவு வந்திருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். உத்தரவை அந்த அறையில் என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. மகனின் மானமும் நின்றிருக்கும், அவளுக்குக் கஞ்சியும் கிடைத்திருக்கும். இது எனக்குத் தோன்றியது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது. மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாள் என் பேத்திக்குக் காது குத்து.

சித்திரை மாதம் செல்லக்கனி இறந்தாள். வயதாகிவிட்டது என்றார்கள். குளிப்பாட்ட வந்த பெண்கள் மட்டும் சேலையை விலக்கி, துருத்திய விலாவெலும்புகளைக் கண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாடு மூன்று பந்தி நடந்தது. அவியல், எரிசேரி, இரண்டு வகைப் பாயசம். நான் இரண்டையும் வாங்கினேன். ஒன்றை இரண்டு தடவை. மறைத்து என்ன ஆகப்போகிறது? சுயம்புலிங்கமே தோளில் ஈரத்துண்டோடு பரிமாறினான். என் இலைக்கு எதிர்வரிசையில் பகவதியப்பன். அவர் இலைக்கு முன்னால் வந்தவன் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அம்ம உங்ககிட்ட ஏதாவது கொற சொன்னாளா?"

நான் பப்படத்தை நொறுக்காமல் கையில் பிடித்துக்கொண்டேன். பகவதியப்பன் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல்ல மக்கா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் இலையில் இன்னொரு கரண்டி சோறு வைத்தான். அவர் அதைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தார்.

சானல் வாய்க்கால் கரை வழியாகத் திரும்பினோம். பாதி வழியில் நின்றுவிட்டார். "டீச்சரம்மா, கையக் கொண்டாங்க" என்றார். துண்டை என் கையின்மேல் போட்டார். அதற்குமுன் எத்தனையோ முறை அந்தத் துண்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவள் நான். உள்ளே அவர் என் ஆள்காட்டி விரலைத் தேடிப் பிடித்து, நடுக்கணுவை ஒரு தடவை தொட்டு விட்டுவிட்டார்.

அரை.

கையைத் துண்டுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"சொல்லியிருந்தா அந்தப் பய அன்னைக்கே அடுக்களைய ரெண்டாக்கியிருப்பான்" என்றார் பகவதியப்பன். "அவன் கெட்டவன் இல்ல. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல நீரு?"

"சந்தையில அப்பிடித்தான் படிச்சேன். துண்டுக்குள்ள குடுத்த விரல வெளிய காட்டக்கூடாது. ஆனா அங்க மாட்ட வித்தவன் வீட்டுக்குப் போயிருவான். இவ எங்க போவா? அவளுக்க விரல வாங்கிவச்சுட்டு நான் ஒருத்தன் பெரிய யோக்கியன் மாதிரி நிண்ணுட்டேன்." துண்டை உதறினார், தோளில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டார். "சொல்லட்டா அக்காண்ணு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் கேக்கல்ல. நீங்க கேட்டியளா?"

நானும் கேட்கவில்லை. முதியோருக்காகப் பேசுவதற்கென்று நகரசபை நியமித்த ஐந்து பேர் அவளை மகனோடு சேர்த்து நிறுத்தி விசாரித்தோம். தனியாகக் கூப்பிட்டு, உனக்காக நாங்கள் என்ன சொல்ல வேண்டும் அம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லாதே என்றுதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. அதுவும் இனித் தெரியப்போவதில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பகவதியப்பன் குழுவை விட்டுப் போகவில்லை. போய்விடுவார் என்று வக்கீல் பந்தயம் கட்டித் தோற்றார். பழக்கத்தில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. விரலை வாங்கிக்கொண்ட பிறகு முன்போல் எழுந்துவிடுவதில்லை. கிழவியின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டாவது கேள்வி ஒன்று கேட்கிறார்: "சொல்லட்டா?" சம்மதமானால் கையை அழுத்த வேண்டும். பத்தில் ஏழு பேர் கையை இழுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பெயர்கள் என் புத்தகத்துக்கு வருவதில்லை. கொட்டகையில் முப்பது இடத்தில் நாலைந்து எப்போதும் காலியாகக் கிடக்கின்றன. ஆளைப் போட்டு நிரப்பலாமே என்று வக்கீல் அவசரப்படும்போதெல்லாம், "கெடக்கட்டும் வக்கீலே, ஆளு இருக்கு" என்கிறார்.

போன வியாழக்கிழமை ஜெபகனி வீட்டுக்குப் போயிருந்தோம். எண்பது வயது, கண்ணில் பூ விழுந்தவள். வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து, தொழுவத்துப் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மருமகள் இரண்டு தம்ளர் மோரோடு வாசலில் நின்றாள். துண்டு விழுந்தது. "மருமவ நல்லா பாக்காளா?" என்று கேட்டார். "பெத்த மவளுக்கு மேல" என்றாள் ஜெபகனி. துண்டு அசைந்தது. பகவதியப்பன் அவள் காதுப்பக்கம் குனிந்தார். உதடு அசைந்ததுதான் தெரிந்தது. கேள்வி எனக்குத் தெரியும்.

ஜெபகனியின் கை மெதுவாக வெளியே வந்தது. வந்து, அவளுடைய முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. முகத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மருமகள் மோரைக் கீழே வைத்தாள். நான் என்னுடையதைக் குடித்தேன். குடையை எடுத்துக்கொண்டு, "வாரும், போவோம்" என்றேன். பகவதியப்பன் எழுந்திருக்கவில்லை. அவருடைய மோரில் ஓர் எறும்பு விழுந்து நீந்தியது. முழங்காலின்மேல் துண்டு பரந்து கிடந்தது. அதற்கு அடியில் அவருடைய கை, உள்ளங்கை மேலே பார்க்க, அவள் பக்கமாக நீண்டபடியே இருந்தது.